‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம்: தடுத்த கோல்களுக்குக் கணக்கு வைக்காத காலத்தில் ஒரு கோல் காவலர்

2016 ஜனவரியில் ‘ஓலா போலா’ திரைப்படம் வெளியானபோது, படம் பார்த்து வந்த இளையோர் பலர் வீட்டில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அந்த முத்து கேரக்டர் உண்மையிலேயே இருந்தாரா?”

இருந்தார். பெயர் முத்து இல்லை, ஆறுமுகம். சியூ கெங் குவான் இயக்கிய அந்தப் படத்தில் பெயர்களும் பல காட்சிகளும் கற்பனை. ஆனால் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற அந்தத் தமிழ் இளைஞரின் பாத்திரத்துக்கு முன்மாதிரி, கிள்ளானில் இருந்து வந்து சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் ஆடிய ஆர். ஆறுமுகம். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஸ்பைடர்மேன்’.

இன்று 50 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், அவருடைய நீண்ட கைகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பலருக்கு அந்தப் படம்தான் அறிமுகம். நடுவில் ஏன் இப்படி ஓர் இடைவெளி? அவர் காலத்து மலேசியக் காற்பந்து எப்படி இருந்தது? ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் வாழ்க்கையை நாம் எதை வைத்து அளக்கிறோம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த ஆறுமுகம்?

ஆறுமுகம் ரெங்கசாமி 1953 ஜனவரி 31-ஆம் தேதி பிறந்தவர். துறைமுகம், ரயில்வே, தோட்டம் என உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் கிள்ளான். அந்தக் காலத்தில் கிள்ளானிலும் சரி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளிலும் சரி, பிள்ளைகளுக்கு மாலை நேரம் என்றால் திடல்தான். டியூஷனும் கைப்பேசியும் வராத காலம். ஒரு பந்து, இரண்டு ஜோடி செருப்பு. அதுவே கோல் கம்பம்.

1970-களின் தொடக்கத்தில் ஆறுமுகம் சிலாங்கூர் அணிக்கும் பிறகு தேசிய அணிக்கும் வந்து சேர்ந்தார். 1972-இல் மலேசியா மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியிருந்தது. அங்கே அமெரிக்காவை 3-0 என வென்றோம். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றோம். அந்த ஒலிம்பிக் முடிந்த பிறகு உருவான புதிய தலைமுறையில்தான் ஆறுமுகம் வருகிறார். அடுத்த 10 ஆண்டுக்கும் மேலாக மலேசியாவின் கோல் கம்பங்களோடு சேர்ந்தே அவர் பெயர் பேசப்பட்டது.

கைகள் நீளம் என்பதால் மட்டும் ‘ஸ்பைடர்மேன்’ பட்டம் வந்துவிடவில்லை. ஒரு கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் நிற்கும் காவலருக்கு இரண்டு பக்கமும் 3 மீட்டருக்கு மேல் வெற்றிடம். 11 மீட்டர் தூரத்தில் இருந்து வரும் பந்துக்கு யோசிக்க நேரமே கிடையாது. எட்டிப் பிடிக்கும் கை வேண்டும். அதைவிட, எட்டுவதற்கு முன்பே எந்தப் பக்கம் கால் வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஆறுமுகத்தைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டும் சேர்ந்த ஆட்டத்தைத்தான்.

அவருக்கு முன்னால் யார் நின்றார்கள்?

கோல் காவலர் தனி ஆள் இல்லை. அவருக்கு முன்னால் நிற்கும் தற்காப்பு வரிசை சரியாக இருந்தால்தான் அவருக்கு வேலை குறையும். ஆறுமுகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது.

மத்தியத் தற்காப்பில் இருவர். ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த சோ சின் ஆன். ‘தௌக்கே’ என்று அழைக்கப்பட்ட அணித்தலைவர். தேசிய அணிக்காக 195 ஆட்டங்கள் ஆடியவர் என்று ஃபிஃபாவின் பட்டியல் சொல்கிறது. இன்னொருவர் செத்தாபாக்கைச் சேர்ந்த சந்தோக் சிங், சிலாங்கூரிலும் ஆறுமுகத்தின் சக ஆட்டக்காரர். ஒரு சீனர், ஒரு சீக்கியர், பின்னால் ஒரு தமிழர். முன்னால் மலாய், சபா ஆட்டக்காரர்கள். அந்த அணியைப் பற்றிப் பேசும்போது இன்றும் மக்கள் முதலில் சொல்வது இதைத்தான். யாரும் திட்டம் போட்டு அமைத்த கலவை அல்ல அது. அந்தந்த இடத்துக்கு நாட்டில் யார் சிறந்தவரோ அவர் நின்றார், அவ்வளவுதான்.

அந்தத் தலைமுறையின் பலன் என்ன? 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்கு வெண்கலம். 1977-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 2-0 என வென்று தங்கம். 1979 ஜகார்த்தாவில், சொந்த மண்ணில் ஆடிய இந்தோனேசியாவை 1-0 என வென்று மீண்டும் தங்கம். இந்த இரண்டு இறுதியாட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு கோல்கூட கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாநில அளவிலும் அதே கதைதான். 1975 முதல் 1982 வரையிலான 8 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை சிலாங்கூர் 6 முறை வென்றது. மீதி 2 முறை, 1977-லும் 1980-லும், கிண்ணம் சிங்கப்பூருக்குப் போனது. சிலாங்கூர்–சிங்கப்பூர் இறுதியாட்டம் என்றால் மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழியும். உள்ளே போக முடியாதவர்கள் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பார்கள்.

1980: வென்றும் போக முடியாத ஒலிம்பிக்

ஆறுமுகத்தின் பெயரோடு எப்போதும் சேர்ந்து வரும் ஆண்டு 1980.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் ஒரு பிரிவு கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகியவையும் அந்தப் பிரிவில் இருந்தன. ஏப்ரல் 6-ஆம் தேதி, மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியாவும் தென் கொரியாவும் முடிவு ஆட்டத்தில் மோதின. ஆட்டம் 1-1 என்று இழுபறியாக இருந்த கடைசி நிமிடங்களில், வலது ஓரத்தில் ஹசான் சானி ஓடிப் போய்ப் பந்தைத் தள்ள, ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்கினார். இருவரும் சபா அணிக்காரர்கள். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

கோல் அடித்த அந்தக் காட்சியை நம் பெற்றோர் தலைமுறை மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் தென் கொரியா மாதிரி ஓர் அணியை 90 நிமிடம் 1 கோலோடு நிறுத்தி வைத்தால்தான் கடைசியில் வரும் அந்த ஒரு வாய்ப்புக்கு மதிப்பு. முன்கூட்டியே 2 கோல் வாங்கியிருந்தால் ஜேம்ஸ் வோங்கின் கோல் வெறும் சமன் செய்யும் கோல். தற்காப்பின் வேலை இதுதான்: முன்னால் நிற்பவர்களுக்கு நேரம் வாங்கித் தருவது.

அதன் பிறகு நடந்தது காற்பந்து சம்பந்தப்பட்டதே இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அழைப்பு விடுத்தார். பல நாடுகள் சேர்ந்தன. மலேசியாவும் சேர்ந்தது. அணி போகவில்லை.

நாம் விட்ட இடத்தில் ஈராக் ஆடியது. மாஸ்கோவில் ஈராக் காலிறுதி வரை சென்றது. “நாம போயிருந்தா?” என்ற கேள்வி அதனால்தான் 40 ஆண்டுகளுக்குப் பிறகும் மாமாக் கடை மேசைகளில் ஓயவில்லை.

அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆட்டக்காரர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால் கணக்கு எளிது. ஒலிம்பிக் 4 ஆண்டுக்கு ஒரு முறை. 1980-இல் ஆறுமுகத்துக்கு 27 வயது, ஒரு கோல் காவலர் முதிர்ச்சிக்கு வரும் வயது. அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல; மலேசிய ஆண்கள் காற்பந்து அணி அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

அந்தக் காலத்தில் கோல் காவலராக இருப்பது எப்படி?

இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் வேறு உலகம்.

முதலாவது, விதிகள். சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. ஆறுமுகம் காலத்தில் எடுக்கலாம். அதனால் காவலர்கள் காலால் பந்தை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் இன்றைய பாணிக்கு அப்போது அவசியம் இல்லை. கையும், தாவலும், தைரியமும்தான் அவர்களின் முழுத் தொழில். கையில் பந்தை வைத்துக்கொண்டு 4 அடிக்கு மேல் நடக்கக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. 2000-இல் அது 6 விநாடி விதியாக மாறியது. 2025-இல் 8 விநாடி ஆனது. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர்.

இரண்டாவது, திடலும் பந்தும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மழை உங்களுக்கே தெரியும். மாலையில் கொட்டித் தீர்த்த பிறகு இரவு ஆட்டம். கோல் வாய்க்கு முன்னால் புல் இருக்காது, சேறுதான் இருக்கும். நனைந்த தோல் பந்து கனமாகும், பிடித்தால் வழுக்கும். இப்போது கிடைக்கும் ஒட்டும் கையுறைகள் அப்போதுதான் உலகச் சந்தையில் மெல்ல வரத் தொடங்கியிருந்தன.

மூன்றாவது, சம்பளம். இதுதான் முக்கியம். மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-இல். முழுத் தொழில்முறை 1994-இல். அதற்கு முந்தைய தலைமுறை முழுவதும் அடிப்படையில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள். பகலில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். நாடே கொண்டாடும் ஆட்டக்காரர் மறுநாள் காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். காயம் பட்டால் காப்பீடு, ஓய்வுக்குப் பிறகு சேமிப்பு என்று இன்று ஒப்பந்தத்தில் பேசப்படும் விஷயங்களுக்கு அங்கே இடமே இருந்ததில்லை.

1988 டிசம்பர் 18

ஆறுமுகம் 1988 டிசம்பர் 18-ஆம் தேதி சாலை விபத்தில் இறந்தார். வயது 35. அரைத் தொழில்முறை லீக் தொடங்க இருந்த ஆண்டுக்கு சில நாள்களே மிச்சம்.

அவரோடு சிலாங்கூருக்கு ஆடிய மொக்தார் டஹாரி அடுத்த சில ஆண்டுகளில், 1991 ஜூலை 11-ஆம் தேதி, நரம்பு நோயால் காலமானார். அவருக்கு 37. இருவரும் 1953-இல் பிறந்தவர்கள். ஒருவர் அடித்தார், ஒருவர் தடுத்தார். இருவரும் 40-ஐ எட்டவில்லை. சிலாங்கூர் ரசிகர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நினைவு இருவருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. மொக்தாரின் கணக்கு தெளிவாக இருக்கிறது: 142 அனைத்துலக ஆட்டங்கள், 89 கோல்கள். உலக அளவிலான பட்டியல்களில் அந்த எண் இடம்பெறுகிறது. பகாங், கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்து அகாடமிக்கு அவர் பெயர். ஆறுமுகத்தின் பெயரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சேர்க்க ஒரு சினிமா வர வேண்டியிருந்தது.

தடுத்ததை எப்படி எண்ணுவது?

இது மலேசியாவின் பிரச்சினை மட்டுமில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு உலகம் முழுக்க இதே நிலைதான்.

அமெரிக்கக் காற்பந்தை எடுத்துக்கொள்வோம். நம் காற்பந்து மாதிரி இல்லை அது. அங்கே தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு வேறோர் அணி என ஆட்களே மாறி மாறி இறங்குவார்கள். தற்காப்பு ஆட்டக்காரரின் பெரிய சாதனை ‘சேக்’. அதாவது, பந்தை எறிவதற்கு முன்பே எதிரணியின் குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்ப்பது. அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் டீக்கன் ஜோன்ஸ். 1961 முதல் 1974 வரை ஆடியவர், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆனால் அவருடைய அதிகாரபூர்வ ‘சேக்’ எண்ணிக்கையைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. காரணம், என்.எஃப்.எல் அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியது 1982-இல்தான்.

பிறகு என்ன ஆனது? ஆய்வாளர்கள் சிலர் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்து எண்ணினார்கள். 2021-இல் அந்தக் கணக்கு இணையத்தில் வெளியானது. டீக்கன் ஜோன்ஸுக்கு 173.5. அதிகாரபூர்வம் இல்லை என்றாலும், அவரை வரலாற்றின் முதல் வரிசையில் வைக்கும் எண் அது. அவர் ஓய்வு பெற்று 47 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும்; நிமிடத்தோடு வரும். காவலர் தடுத்த பந்துகளுக்கு அப்படி ஒரு பத்தி கிடையாது. 1970-களின் மலேசியாவில் ‘எத்தனை தடுத்தார்’ என்று யாரும் அட்டவணை போடவில்லை. கோல் விட்டால்தான் காவலரின் பெயர் தலைப்பில் வரும்! ஆகவே ஆறுமுகத்தின் சாதனைக்குச் சாட்சி, அரங்கத்தில் இருந்த மக்களின் நினைவு. அந்த மக்களுக்கு இப்போது 60, 70 வயது.

இன்று நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

ஆறுமுகத்துக்கு முன்னும் பின்னும் தேசிய அணியில் இந்தியர்கள் இருந்திருக்கிறார்கள். 1972 மியூனிக் அணியின் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். ஆறுமுகத்தின் காலத்துச் சிலாங்கூர் ஆட்டக்காரர் கே. ராஜகோபால் பின்னாளில் தேசியப் பயிற்றுநராகி, 2009 சீ விளையாட்டில் தங்கமும், 2010-இல் ஆசியான் அளவிலான சுசுகி கிண்ணமும் பெற்றுத் தந்தார். அந்த 2010 அணியில் எஸ். குணாளன் ஆடினார். ஆனால் தேசிய அணிப் பட்டியலில் இந்தியப் பெயர்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது என்பதே நிலைமையைச் சொல்கிறது.

நடுவில் ஒரு முயற்சி நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கமான மிஃபா தன் பெயரிலேயே ஓர் அணியை லீக்கில் இறக்கியது. அந்த அணி 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. பல இந்திய இளைஞர்களுக்கு அது மேல்நிலைக் காற்பந்தின் வாசலாக இருந்தது. 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கிலிருந்து விலகியது. வாசல் மறுபடி குறுகியது.

இது திறமைப் பற்றாக்குறையா? திடலுக்குப் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மாலையில் பந்து உருளத்தான் செய்கிறது. ஃபுட்சால் மைதானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடுகிறார்கள். மாறியது பாதை. அன்று திடலில் ஆடிய பையனை மாவட்டக் குழு பார்க்கும், மாவட்டத்தில் இருந்து மாநிலம். இன்று அகாடமி, காலணி, போக்குவரத்து, பயிற்சிக் கட்டணம் என எல்லாமே சிறு வயதிலேயே பெற்றோரின் பணப்பையில் இருந்து தொடங்குகிறது. கோல் காவலருக்கு இது இன்னும் கூடுதல் சிக்கல். தனிப் பயிற்றுநர் வேண்டும். கையுறை தேய்ந்துகொண்டே இருக்கும். அணிக்கு ஓர் இடம்தான் உண்டு, இரண்டாவது காவலர் பருவம் முழுக்க பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் ஆதரவு இல்லாத பிள்ளை அதற்குள் விலகிவிடும்.

இப்போது என்ன செய்ய முடியும்?

தடுத்த பந்துகளை இனி எண்ண முடியாமல் போகலாம். ஆனால் சாட்சியங்களைச் சேர்க்க முடியும். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. 1970-களில் நம் ஆட்டக்காரர்களைப் பற்றித் தமிழில் வந்த செய்திகள் அப்படிப்பட்ட பத்திரிகைகளின் பக்கங்களில்தான் இருக்கின்றன. ஒரு பகுதி நூலகங்களிலும் ஆவணக் காப்பகத்திலும் இருக்கும். இன்னொரு பகுதி யார் வீட்டுப் பழைய பெட்டியிலோ இருக்கும்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனவரா? பழைய நுழைவுச் சீட்டு, படம், பத்திரிகைத் துண்டு ஏதாவது இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். ஒரு படம் எடுத்து, பின்னால் ஆண்டையும் ஆட்டத்தையும் எழுதி வையுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, யாரோடு ஆட்டம், மழை பெய்ததா, எந்தப் பக்கம் தாவினார் என்று கேளுங்கள். டீக்கன் ஜோன்ஸின் கணக்கு இப்படிப்பட்ட துண்டுகளைச் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆறுமுகத்தின் கணக்கையும் அப்படி எழுதத் தொடங்கலாம். பார்த்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே.